பல்லைக் கடித்தால் பல்தான் உடையும்

போன வருடம் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஸ்காபரோவில் தமிழ் வகுப்பு முடிந்து மகளைக் கூட்டி வரப் போனேன். ரீச்சர் அவளின் கொப்பியை விரித்து என் கையில் தந்தார். தரப்பட்ட சொற்களை வைத்து வாக்கியம் எழுதுவதுதான் பயிற்சி. மழை, பூனை, வேலை என்று மூன்று சொற்கள். "மழை பெய்தது." "பூனை பால் குடித்தது." மூன்றாவது வாக்கியம் இப்படி இருந்தது: "வேலை வந்தால் அப்பாவுக்கு வயிறு நோகும்."

ரீச்சர் சிரிக்கவில்லை. "எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

காரில் ஏறியதும், "ஏன் அம்மா அப்பிடி எழுதினனீங்கள்?" என்று கேட்டேன். ஏழு வயதுப் பிள்ளை யோசிக்கவே இல்லை. "போன் அடிச்சா நீங்கள் வயித்தைப் பிடிக்கிறனீங்கள்தானே, அப்பா." நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். "எனக்கு நவம்பரிலையே தெரியும். கேட்டா உங்களுக்குக் கோவம் வரும் எண்டு விட்டிட்டன்" என்றாள்.

அந்த நாள்வரை என் வேலைப் பிரச்சினை டவுன்ரவுனில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது எங்கள் குசினி மேசையில் எங்களோடு இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இங்கே பிறந்து அல்லது வளர்ந்து, இப்போது பிள்ளைகளை வளர்க்கும் எங்கள் வயதுக்காரருக்காக இதை எழுதுகிறேன். நான் மனநல நிபுணரோ சட்டத்தரணியோ இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். எனக்கு விளங்கியதையும் நான் செய்ததையும் சொல்கிறேன்.

எது கஷ்டம், எது நச்சு?

வேலை கஷ்டமாக இருப்பது வேறு, வேலையிடம் நச்சாக இருப்பது வேறு. பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இரவிரவாக இருந்து சேர்வரைத் திருப்பி எழுப்பியிருக்கிறேன். களைப்பாக இருக்கும், ஆனால் விடியக் காலையில் ரீமோடு சேர்ந்து கோப்பி குடிக்கும்போது ஒரு சந்தோசமும் இருக்கும்.

இது அப்படியில்லை. புது மனேஜர் வந்தார். காலை ஒன்பதரை மீற்றிங்கில் அவர் கேள்வி கேட்பது பதில் வேண்டி இல்லை, மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காக. வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த கிழமை "நான் அப்பிடிச் சொல்லவே இல்லையே" என்பார். இரவு பதினொரு மணிக்கு, "நாளைக்கு உன்னோடு கதைக்க வேணும்" என்று ஒரே ஒரு வரி வரும். என்ன விசயம் என்று இருக்காது. காலையில் போய்க் கேட்டால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் என் இரவு போய்விட்டது.

இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு மிகவும் உதவியது ரொபேர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் எழுதிய கட்டுரையின் கருத்து. வேலைப் பளு மட்டும் மனிதரை உடைப்பதில்லை என்கிறார் அவர். பளு கூடவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறையவும் இருந்தால்தான் ஆள் உடைகிறார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: கூட வேலை செய்பவர்களின் ஆதரவு. பளு கூடி, பிடி குறைந்து, ஆதரவும் இல்லையென்றால் அதுதான் ஆகக் கேடான இடம். லண்டனில் அரச ஊழியர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த வைற்ஹோல் ஆய்வுகளும், தங்கள் வேலையில் தங்களுக்குப் பிடி குறைந்தவர்களிடம் இதய நோய் கூட என்றே கண்டன.

இதை வாசித்தபோது ஒரு பாரம் இறங்கியது. நான் பலவீனமானவன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலையின் அளவு கூடியிருக்கவே இல்லை. பிடியும் ஆதரவும்தான் போயிருந்தன.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பேர்ண் அவுட்' என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. அதை ஒரு நோய் என்று சொல்லாமல், சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றது. அடையாளம் மூன்று: சக்தி முழுக்க வடிந்துபோவது, வேலையில் இருந்து மனம் விலகி எல்லாவற்றிலும் கசப்பு வருவது, "என்னால் ஒன்றும் ஏலாது" என்று தோன்றுவது. மூன்றும் எனக்கு இருந்தன. மூன்றாவதுதான் பொல்லாதது. வேறு வேலை தேட வேண்டிய நேரத்தில், "உன்னை ஆர் எடுப்பினம்?" என்று அது உள்ளே இருந்து கேட்கும்.

அப்பாவின் வான்

எங்கள் வீடுகளில் இதற்கு ஒரு மருந்து பரம்பரையாக இருக்கிறது: பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு.

என் அப்பா 1988இல் வந்தவர். பகலில் பிளாஸ்ரிக் பக்டரி, இரவில் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுவது. உங்களில் பலருடைய அப்பாமாரும் அப்படித்தான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஏசி போட்ட ஒபிசில் இருந்துகொண்டு "பொஸ் என்னை மரியாதையில்லாமல் கதைக்கிறார்" என்று முறையிடவே வெட்கமாக இருந்தது. போர்க்காலத்தில் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு முன்னால் இது ஒரு கஷ்டமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருமாதிரி அப்பாவிடம் சொன்னேன். "நீங்கள் எப்பிடி அப்பா பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் பல்லைக் கடிச்சனான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது? நாங்கள் அஞ்சு பேர் ஒரு வானிலைதான் போய் வாறது. போகேக்கையும் போர்மனுக்குத் திட்டு, வரேக்கையும் திட்டு. ஒருத்தன் அவரை மாதிரியே நடந்து காட்டுவான், சிரிச்சு வயிறு நோகும். வீட்டு வாசலிலை இறங்கேக்கை உள்ளுக்கை ஒண்டும் மிச்சம் இருக்காது. பிறகு, நான் ஒரே பக்டரியிலையே இருந்தனான்? மூண்டு இடம் மாறினனான். எங்கை ஆக்கள் எடுக்கினம் எண்ட கதையும் வானுக்கைதான் வரும்."

அப்போது குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல்: "வயித்துப் புண் வந்து ஸ்காபரோ ஜெனரலிலை கிடந்ததையும் சொல்லுங்கோவன்." அப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

அதன்பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். எங்களுக்கு வந்து சேர்ந்த கதை பாதிதான். சகித்த கதை வந்தது. சகிக்க வைத்த வான் வரவில்லை, மாறிய மூன்று பக்டரி வரவில்லை, வயிற்றுப் புண்ணும் வரவில்லை. அவர்களுக்குப் பாசை குறைவு, பேப்பர் கையில் இல்லை, ஊரில் காசுக்குக் காத்திருக்கும் ஆட்கள். அதற்குள்ளும் அவர்கள் தனியே சகிக்கவில்லை. நான் கோ ரெயினில் ஹெட்போன் போட்டுக்கொண்டு தனியே போய்த் தனியே வந்து, எல்லாவற்றையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தேன்.

மன உறுதி என்பது எவ்வளவு விழுங்கலாம் என்பதில் இல்லை என்று அன்றைக்கு விளங்கியது. நடந்ததைத் தெளிவாகப் பார்க்கத் தெரிய வேண்டும், அதைச் சொல்ல ஆட்கள் வேண்டும், வெளியே போக ஒரு கதவு வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கலாம். இல்லையென்றால் பல்தான் உடையும்.

நான் செய்தவை

முதலாவது, ஒரு கொப்பி. டொலராமாவில் வாங்கிய சாதாரணக் கொப்பிதான். திகதி, நேரம், என்ன சொல்லப்பட்டது, எந்தச் சொல்லில், யார் பக்கத்தில் இருந்தார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று அன்றன்றே எழுதினேன். "அவர் கெட்டவர்" என்று எழுதவில்லை, நடந்ததை மட்டும் எழுதினேன். கொப்பி வீட்டில் இருக்கும். வேலை லப்டொப்பில் எழுதக் கூடாது, அது அவர்களுடைய பொருள். கொம்பனியின் ஆவணங்களையோ கோடையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவும் கூடாது. அதை வைத்தே உங்களை வெளியே அனுப்பலாம்.

வாயால் சொல்லப்பட்டவற்றுக்கு ஒரு மரியாதையான மின்னஞ்சல் போட்டேன்: "இன்று நாங்கள் கதைத்தது இதுதான். பிழையாக விளங்கியிருந்தால் திருத்தவும்." அதன்பிறகு "நான் அப்பிடிச் சொல்லவில்லை" என்பது நன்றாகக் குறைந்தது.

ஆறு கிழமை கழித்துக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். பதினாலு சம்பவங்களில் பதினொன்று வியாழக்கிழமைகளில். அன்றைக்குத்தான் மனேஜர் தன் மேலதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவர் நடந்தது சரி என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் "என்னில் என்ன பிழை?" என்று இரவிரவாகக் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது.

இரண்டாவது, வேலைச் செயலியைச் சொந்தப் போனில் இருந்து எடுத்தேன். அவசர முறை எனக்கு வரும் கிழமையில் மட்டும் அதற்குரிய அழைப்பு வரும்படி வைத்தேன். முதல் இரண்டு இரவும் கை தானாகப் போனைத் தேடியது. உலகம் அழியவில்லை.

மூன்றாவது, என் வான். கம்பஸில் கூடப் படித்த நாலு பேரை ஒரு வட்சப் குழுவில் சேர்த்தேன். வியாழன் இரவு ஒன்பதரைக்கு அரை மணித்தியாலம் கதைப்போம். முதல் கிழமை நான் சொல்லி முடித்ததும், வங்கி ஒன்றில் நல்ல பதவியில் இருக்கும் நண்பன், "எனக்கும் இதுதான்டா, ஒரு வருசமா" என்றான். எங்கள் ஆட்களுக்குப் பிறந்தநாள் விழாவில் சம்பளமும் வீட்டு விலையும் கதைக்கத் தெரியும், இதைக் கதைக்கத் தெரியாது. மனைவியிடம் சொல்வது வேறு. அது வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அவள் ஒருத்தியின் தலையிலேயே கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நாலாவது, குடும்ப டொக்டர். வயிற்று நோவுக்குத்தான் போனேன். அவர்தான் நித்திரையைப் பற்றிக் கேட்டார். பல கொம்பனிகளில் ஊழியர் உதவித் திட்டம் ஒன்று இருக்கும். சில ஆலோசனை அமர்வுகள் இலவசம், நீங்கள் போனது மனேஜருக்குத் தெரியவராது. வேலைக் காப்புறுதியில் மனநல ஆலோசகருக்கு எவ்வளவு தருகிறார்கள் என்றும் பாருங்கள், பலர் பல்லுக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். காப்புறுதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பதட்டம், மனச்சோர்வு உள்ள 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்ராறியோ அரசு தன் செலவில் சீ.பீ.ரி. எனப்படும் பேச்சுச் சிகிச்சையைத் தருகிறது. டொக்டரிடம் கேளுங்கள். 211ஐ அழைத்தால் உங்கள் பகுதியில் என்ன சேவைகள் இருக்கின்றன என்று சொல்வார்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தரம் வந்தால்கூட, 988க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுக்க 24 மணி நேரமும் இயங்கும் இலக்கம் அது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கதைக்கலாம்.

வின்ட்சரில் பத்துவரை எண்ணச் சொன்ன கதை

கொப்பி ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் மாகாணத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. வின்ட்சரில் உள்ள வோல்மார்ட் கடையில் மெரிடித் பூஷே உதவி மனேஜர். 2009இல், குளிர்பதன வெப்பநிலைப் பதிவேட்டைப் பொய்யாக நிரப்ப மறுத்தார். அதன்பிறகு கடை மனேஜர் அவரை மற்ற ஊழியர்களுக்கு முன்னால் தொடர்ந்து கேவலமாகப் பேசினார். பூஷே மேலிடத்தில் முறையிட்டார். கொம்பனி விசாரித்துவிட்டு, முறைப்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றது. அந்த வருடம் நவம்பரில் ஒரு நாள், தனக்குக் கீழே வேலை செய்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பத்துவரை எண்ணத் தெரியுமா என்று காட்டும்படி பலகைகளை எண்ண வைக்கப்பட்டார். அன்றைக்கே வெளியேறினார். அதற்குள் நித்திரையும் சாப்பாடும் கெட்டு, மெலிந்து போயிருந்தார்.

2012இல் ஜூரி அவருக்குப் பதினாலு லட்சம் டொலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. 2014இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மொத்தம் 4,10,000 டொலராகக் குறைத்தது. ஆனால் மனேஜரும் கொம்பனியும் பொறுப்பு என்பதை மாற்றவில்லை. கூட வேலை செய்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள்.

இதில் இருந்து "வழக்குப் போட்டால் லட்சக்கணக்கில் வரும்" என்று எடுக்க வேண்டாம். 2009இல் நடந்தது 2014இல்தான் முடிந்தது. அப்படிப் பட்ட வழக்குகள் அருமை. நான் எடுத்துக்கொண்டது இரண்டு: நடந்ததை நேரில் பார்த்தவர்கள் முக்கியம், கொம்பனி "ஆதாரம் இல்லை" என்று சொன்னால் அது நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

சட்டம் எதுவரை வரும்?

2005இல் இதே வின்ட்சரில், மருத்துவமனை ஒன்றில் ஒரு தாதி கூட வேலை செய்த டொக்டரால் கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த அழுத்தத்தில், ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தில் வேலையிட வன்முறையும் துன்புறுத்தலும் சேர்க்கப்பட்டன. அது 2010 ஜூன் 15இல் நடைமுறைக்கு வந்தது. வேலை கொடுப்பவர் துன்புறுத்தலுக்கு எதிரான கொள்கை வைத்திருக்க வேண்டும், முறைப்பாடு வந்தால் விசாரிக்க வேண்டும், முடிவை முறைப்பட்டவருக்கு எழுத்தில் தர வேண்டும், முறைப்பட்டதற்காகப் பழிவாங்கக் கூடாது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: நியாயமான முறையில் வேலை வாங்குவதும் திருத்துவதும் துன்புறுத்தல் ஆகாது. அதனால்தான் கொப்பியில் சொற்களும் சம்பவங்களும் வேண்டும்.

வங்கி, விமான சேவை, தொலைத்தொடர்பு போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் மத்திய அரசின் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அவர்களுக்கான புதிய துன்புறுத்தல் தடுப்பு விதிகள் 2021 ஜனவரி 1 முதல் இருக்கின்றன. மாகாணச் சட்டத்தின் கீழ் வருபவர்கள், இனம், நிறம், மதம் காரணமாகத் துன்புறுத்தல் நடந்தால் மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அதற்கு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் தொழில்காரருக்கு ஒரு கசப்பான செய்தி. ஒன்ராறியோவில் தகவல் தொழில்நுட்பத் தொழில் வல்லுநர்களுக்கு வேலை நேர வரம்பும் மேலதிக நேரச் சம்பளமும் சட்டப்படி பொருந்தாது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிப்பது பற்றி எழுத்தில் கொள்கை இருக்க வேண்டும் என்று 2022இல் வந்தது. ஆனால் அந்தக் கொள்கையில் என்ன இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் கொம்பனியின் கொள்கையை ஒரு முறை வாசியுங்கள். நான் வாசித்தேன். இரண்டு பக்கம், அதில் ஒரு வரி எனக்கு உதவியது. "கொள்கைப்படி நான் காலை ஒன்பது மணிக்குப் பதில் தருவேன்" என்று எழுத முடிந்தது.

மனிதவளப் பிரிவு உங்கள் மாமா வீடு இல்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், ஆனால் அவர்களின் வேலை கொம்பனியைக் காப்பது. முறையிடப் போகும்போது கண்ணீரோடு போகாமல், திகதிகளோடு போங்கள்.

கதவு

எனக்கு ஆகப் பெரிய ஆறுதலைத் தந்தது ஒரு எக்செல் தாள். மோர்கேஜ், மளிகை, பிள்ளையின் நீச்சல் வகுப்பு எல்லாவற்றையும் போட்டு, என் சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓடலாம் என்று மனைவியும் நானும் கணக்குப் பார்த்தோம். நாலரை மாதம் என்று வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் அடுத்த நாள் மீற்றிங்கில் நான் இருந்த விதமே வேறு. வெளியே போகலாம் என்று தெரிந்தவனுக்கு உள்ளே இருப்பது கொஞ்சம் இலேசு.

கோபத்தில் அன்றைக்கே வேலையை விடாதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் தானாக விட்டவர்களுக்கு வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் கிடைக்காது. துன்புறுத்தல் தகுந்த காரணங்களில் ஒன்று, ஆனால் வேறு வழி இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். அங்கேயும் கொப்பி உதவும். வேலை செய்ய முடியாத அளவுக்கு உடம்போ மனமோ கெட்டால், டொக்டரின் சான்றிதழோடு அதே காப்புறுதியில் 26 கிழமைவரை நோய்க்காலப் பணம் பெறலாம். காப்புறுதிக்குக் கணக்கெடுக்கும் சம்பளத்தில் 55 வீதம், அதற்கு ஒரு உச்ச வரம்பும் உண்டு. கொம்பனி உங்களை வெளியே அனுப்பி ஒரு கடிதத்தைத் தந்தால், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் ஒரு சட்டத்தரணியோடு 30 நிமிடம்வரை இலவசமாகக் கதைக்கலாம்.

எல்லாருக்கும் கதவு ஒரே அகலம் இல்லை. புதிதாக வந்த எங்கள் தம்பி தங்கைமார் சிலருக்கு ஒரே முதலாளியின் பெயரில்தான் வேலை அனுமதி இருக்கும். "விட்டால் திருப்பி அனுப்பிப்போடுவினம்" என்ற பயத்தில் எதையும் பொறுப்பார்கள். துன்புறுத்தலுக்கு ஆளாகும் அப்படிப்பட்டவர்களுக்காக 2019 ஜூன் முதல் மத்திய அரசு ஒரு திறந்த வேலை அனுமதி வைத்திருக்கிறது. அது கிடைத்தால் வேறு இடத்தில் வேலை செய்யலாம். உங்கள் அடித்தள அறையில் வாடகைக்கு இருக்கும் பொடியனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைப்பது எங்கள் பெற்றோர் செய்த அதே பிழை. பிள்ளை பார்க்கிறது. காரணம் தெரியாவிட்டால் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கும். பல நேரம் அந்தக் காரணம், "நான்தான்" என்பதாக இருக்கும்.

நான் மகளுக்கு இப்படிச் சொன்னேன்: "அப்பாவின்ரை வேலையிலை ஒருத்தர் மரியாதையில்லாமல் கதைக்கிறார். அது உங்களாலை இல்லை, அம்மாவாலையும் இல்லை. அப்பா அதுக்கு என்ன செய்யிறது எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன்." அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ரீச்சரிட்டைச் சொன்னனீங்களா?" பள்ளிக்கூடத்தில் யாராவது துன்புறுத்தினால் பெரியவர்களிடம் சொல் என்று நாங்கள்தானே சொல்லிக் கொடுத்தோம்! நான் அதுவரை யாரிடமும் முறையிட்டிருக்கவில்லை.

அடுத்த கிழமை கொப்பியோடு போய் எழுத்தில் முறையிட்டேன். விசாரணை நடந்தது. "தொடர்பாடல் பாணியில் வேறுபாடு" என்று முடிவு வந்தது. மனேஜருக்கு ஒரு பயிற்சி வகுப்பு. காலை மீற்றிங் கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். ஒக்டோபரில் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் வருடத்துக்கு ஆறாயிரம் டொலர் குறைவு. மோர்கேஜ் புதுப்பிக்கும் வருடத்தில் அது சின்னக் காசு இல்லை. மாமாமார் சிலர் "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று சொன்னார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "புது இடத்துக்கு ஆரோடை போய் வாறாய்?" என்று மட்டும் கேட்டார். ரெயினில்தான் என்றேன். "தனியவோ?" என்றார்.

இப்போதும் போன் அடித்தால் மகள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். புது வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியும் அது நிற்கவில்லை. என் வயிறு சுகப்பட்டதைவிட அவளின் பார்வை மாற நாள் எடுக்கிறது. அதற்கும் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமையில் எனக்கு மறுப்பில்லை.

எங்கள் வட்சப் குழுவுக்கு 'வான்' என்று பெயர் வைத்திருக்கிறோம். நாலு பேராகத் தொடங்கியது, இப்போது ஒன்பது பேர். அந்த வங்கி நண்பன் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறான், ஆனால் கொப்பி தொடங்கிவிட்டான். இதை வாசிக்கும் உங்களுக்கும் வயிறு நொந்தால், இன்றைக்கு இரவு ஒரே ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால், கடைசியாக நடந்த குடும்ப விழாவில் "வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டதற்கு, "சும்மா போகுது" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கும் ஒரு வான் தேவைப்படலாம்.